காம்பராவுக்குள் ஒரு பூட்டு

சமூக ஊடகத்தின் நெருக்குதலில் தவிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் திருச்சபை எப்படிப் போய்ச் சேர்வது? மாத்தளையிலிருந்து சில கேள்விகள்.

லயத்துக் காம்பராவின் அளவு மலையகத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு, பின்னால் குசினி. அதற்குள் அப்பாயி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். ஒருவர் இருமினால் அடுத்த காம்பராவில் தூக்கம் கலையும். கோபித்துக்கொண்டு சாத்துவதற்கு உள்கதவு கிடையாது. வாய்விட்டு அழவேண்டுமென்றால் பீலிக்கரைக்குப் போகவேண்டும். அங்கேயும் ஆள் இருக்கும். எல்கடுவ, ரத்தோட்டை, கம்மடுவப் பக்கத்துத் தோட்டங்களில் தனிவீடு கிடைத்தவர்கள் உண்டு. கிடைக்காமல் லயத்திலேயே காலம் தள்ளுகிறவர்களும் உண்டு.

அப்படி ஒரு வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளைக்கு முதன்முதலாகக் கிடைத்த தனியறை அவளுடைய போன்தான். அதற்குப் பூட்டு உண்டு. திறக்கிற இலக்கம் அவளுக்கு மட்டும் தெரியும்.

சபைப் பெரியவர்கள் பலருக்கு இது இன்னும் பிடிபடவில்லை. ஞாயிறு ஆராதனையிலும் வாலிபர் கூட்டத்திலும் போனைத் திட்டாத பிரசங்கம் குறைவு. நேரத்தை விழுங்குகிறது, ஒழுக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கிப் போடு. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை தலையாட்டுகிறாள். அவளிடமிருந்த ஒரே அறையைப் பிடுங்கச் சொல்கிறார்கள் என்பதை அவள் அவர்களுக்கு விளக்கப்போவதில்லை.

பிடுங்கத்தான் முடியுமா? 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது பாடங்களை வட்ஸ்அப்பில் அனுப்பியது பெரியவர்கள்தான். சிக்னல் தேடிக் காட்டுக்குள் போய்ப் பாறையில் ஏறிப் படித்த ஊவா மாகாணத்துப் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளின் படம் 2021இல் உலகமெங்கும் வந்தது. அன்று கடன்பட்டு வாங்கிக் கொடுத்த போனை இன்று சாத்தானின் பெட்டி என்றால் பிள்ளை எதை நம்பும்? இன்னொன்றும் இருக்கிறது. தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலைக்குப் போன குடும்பங்கள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு அம்மாவின் முகம் இமோ வீடியோ அழைப்பில்தான் தெரிகிறது. பரீட்சை முடிவைச் சொல்வதும், தீபாவளிக்கோ நத்தாருக்கோ எடுத்த சட்டையைக் காட்டுவதும் அதில்தான். பிள்ளையை நோகடிக்கிறவனும் பெற்ற தாயும் ஒரே கண்ணாடிக்குள்ளிருந்து பேசுகிறார்கள்.

ஆகவே போன் வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தை விட்டுவிடலாம். அந்தப் பூட்டிய அறைக்குள் பிள்ளை எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது, அதை யாரிடம் வாய்திறந்து சொல்லும் என்பதைத்தான் கேட்கவேண்டும்.

முதல் சுமை முகம். டிக்டொக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் எடுக்கப் போனால் ஃபில்டர் முதலில் செய்வது தோலை வெளுப்பாக்குவது. மூக்கைக் கூர்மையாக்கி, கன்னத்தைச் சப்பையாக்கி, வெயிலில் கொழுந்தெடுத்தவளின் மகளை வேறு யாரோ ஒருத்தியாக்கிக் காட்டுகிறது. அந்த வேறு ஒருத்திக்குத்தான் லைக் விழுகிறது. போனை மூடிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் பழைய முகம். 2021 செப்டெம்பரில் பேஸ்புக் நிறுவனத்தின் உள்ளாய்வுத் தாள்கள் வெளியே வந்தன. தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் நொந்திருந்த பதின்ம வயதுப் பெண்களில் 32 சதவீதத்தினர், இன்ஸ்டாகிராம் அந்த நோவைக் கூட்டுகிறது என்று சொல்லியிருந்தார்கள். நிறத்தை வைத்துச் சம்பந்தம் பேசுகிற நம் ஊரில் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சுமை பேச்சு. தோட்டத்துப் பிள்ளை தன் வாய்மொழியில் ஒரு வீடியோ போட்டால் போதும். கீழே யாராவது ஒருவர் அந்தச் சொல்லோடு வந்துவிடுவார்: தோட்டக்காட்டான். பெரியவர்கள் கொழும்புக் கடைகளிலும் யாழ்ப்பாணத்து வகுப்பறைகளிலும் கேட்டுப் பழகிய வசவு அது. முன்பு அதைக் கேட்க வெளியூர் போகவேண்டியிருந்தது. இப்போது அது இரவு பத்து மணிக்கு இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும்போதே வருகிறது, வகுப்பு முழுவதும் பார்க்கிறாற்போல் வருகிறது. பிள்ளை வீடியோவை அழித்துவிடுகிறது. மறுவாரம் பேச்சை மாற்றிக்கொண்டு வேறொரு வீடியோ போடுகிறது. இதை ஒழுக்கக்கேடு என்று எந்தப் பிரசங்கத்தில் சேர்ப்பது?

மூன்றாவது, எண்ணிக்கை. எத்தனை பேர் பார்த்தார்கள், யார் பார்த்துவிட்டு லைக் போடாமல் போனார்கள், ஸ்டேட்டஸை முதலில் பார்த்தது யார். பரீட்சை முடிவு வருகிற நாளில் இது உச்சத்துக்குப் போகும். ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படம் டியூஷன் வகுப்புப் பதாகையிலிருந்து சபையின் பேஸ்புக் பக்கம் வரை ஓடும். கணிதத்தில் விழுந்த பிள்ளை அதே பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும். நாங்கள் வாழ்த்தத்தானே போட்டோம் என்பார்கள். சரிதான், விழுந்த பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலை யார் போனார்கள்?

நான்காவதை எழுதவே கை தயங்குகிறது. காதலித்தபோது அனுப்பிய படம், பிரிந்தபின் வெளியே வருவது. அல்லது வெளியே விடுவேன் என்று மிரட்டுவது. பெண் பிள்ளைகள் மட்டும் என்று நினைக்கவேண்டாம், ஆண் பிள்ளைகளிடமும் இப்படிக் காசு பறிக்கிறார்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட் ஒரு டிவிஷனைச் சுற்றிவர எவ்வளவு நேரம் பிடிக்கும்? காலையில் பிரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த நான்குக்கும் மேலே தூக்கமின்மை. சில டேட்டா பக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகுதான் பாவிக்கலாம் என்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்தார்கள். காசில்லாத வீட்டுப் பிள்ளை அந்தப் பங்குக்காக விழித்திருக்கப் பழகியது. விடிய ஐந்தரைக்கு எழுந்து பஸ்ஸுக்கு நடக்கவேண்டிய பிள்ளை அது. அமெரிக்க அரசின் அப்போதைய தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி 2023 மே மாதம் விடுத்த எச்சரிக்கையில், நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் பதற்றமும் வரும் ஆபத்து இரட்டிப்பு என்றார். எது காரணம் எது விளைவு என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். தூங்காத பிள்ளை அழும் என்பதில் அவர்களுக்குள்ளும் சண்டை இல்லை.

வேதாகமத்தில் ஒரு இடம் உண்டு. இளையோர் பணியில் இருக்கிறவர்கள் திரும்பத் திரும்ப வாசிக்கவேண்டிய இடம். முதலாம் இராஜாக்கள் புத்தகத்தின் 19ஆம் அதிகாரம். யேசபேல் மிரட்டியதும் எலியா வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, செத்துப்போனால் போதும் என்கிறான். தூதன் வருகிறான். ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறான். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பாடு கொடுக்கிறான். பேச்செல்லாம் அதற்குப் பிறகு, வெகுதூரம் நடந்து மலைக்குப் போனபின். நம் வாலிபர் முகாம்களில் இந்த ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது. விடிய நான்கரைக்கு மணியடித்து எழுப்பிப் பிரசங்கத்தில் தொடங்குகிறோம்.

உபதேசியார் நடந்த பாதை

மாத்தளை மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் மிகச் சிறு தொகை. கலேவெலப் பக்கம் வாஹாகோட்டையில், போர்த்துக்கீசர் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படும் பழைய கத்தோலிக்கக் கிராமமும் புனித அந்தோனியார் திருத்தலமும் இருக்கின்றன. தமிழ்ச் சபைகளின் கதை வேறு. அது கோப்பிக் காலத்துக் கதை. மன்னாரில் இறங்கி, தம்புள்ளைக் காட்டு வழியாக நடந்து வந்தவர்களுக்கு மலைநாட்டின் வாசல் மாத்தளை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை அந்த வழியிலேயே விட்டுவிட்டு மீதிப்பேர் வந்து சேர்ந்தார்கள். 1850களில் அங்கிலிக்கன் மிஷனரிகள் இவர்களுக்காகத் தமிழ்க் கூலி மிஷன் என்ற பணியைத் தொடங்கினார்கள். பெயரைப் பாருங்கள், அந்தக் காலத்துக்கு அது உறுத்தவில்லை. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். கோயில் கட்டி மணியடித்துக் காத்திருக்க அவர்களுக்கு வசதி இல்லை. காலையில் பேர் போடும் இடத்துக்கும், அந்தியில் லயத்துக்கும் நடந்தார்கள். சனம் எங்கே, எந்த நேரத்தில் இருக்கிறதோ அங்கே, அந்த நேரத்தில்.

அந்தப் பாதையில் மறுபடி ஒரு நடை நடந்தது. மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைவையொட்டி, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணம். இலங்கை தேசிய கிறிஸ்தவ மன்றமும் 'மாண்புமிகு மலையக மக்கள்' கூட்டிணைவும் சேர்ந்து எடுத்தது. சனத்தின் பெயருக்கு முன்னால் மாண்பு என்ற சொல்லை வைத்து நடந்தார்கள். அந்த நாட்களில் அதே டிக்டொக்கிலும் பேஸ்புக்கிலும் நடைபயணத்தின் படங்கள் வந்தன. தோட்டக்காட்டான் என்ற வசவுக்கு இதைவிடப் பொருத்தமான மறுமொழியை எந்தப் பிரசங்கியும் இதுவரை சொல்லவில்லை என்பேன். நொந்துபோன பிள்ளையிடம் 'கடவுள் உன்னைத் தம் சாயலில் படைத்தார்' என்று சொல்வது சரிதான். அவளுடைய கொள்ளுப்பாட்டி எந்த வழியாக, எதைத் தாண்டி வந்தாள் என்றும் சேர்த்துச் சொன்னால் அந்த வாக்கியத்துக்குக் கால் முளைக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபை இப்போது இளையோருக்கு ஒரு முன்மாதிரியைக் காட்டுகிறது. இணையத்தில் நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்த இத்தாலியச் சிறுவன் கார்லோ அகூட்டிஸ். 2025 செப்டெம்பர் 7இல் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். வீடியோ கேமுக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே எல்லை போட்டுக்கொண்ட பிள்ளை. பங்குகளில் அவர் படம் மாட்டியாயிற்று, நல்லது. ஆனால் அவர் இரத்தப் புற்றுநோயில் இறந்தது 2006 ஒக்டோபர் 12. பேஸ்புக் பொதுமக்கள் எல்லாருக்கும் திறந்ததே அதற்கு முந்திய மாதம்தான். லைக் பொத்தான் வந்தது 2009இல், இன்ஸ்டாகிராம் 2010இல். மிலான் நகரத்து வசதியான வீட்டில், இந்த எண்ணிக்கைப் பேய் பிறப்பதற்கு முன் வாழ்ந்தவர் அவர். அவரைப் போல இரு என்று கம்மடுவப் பிள்ளையிடம் சொல்லுமுன் இதை நினைவில் வைக்கவேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் இளையோருக்கு எழுதிய 'கிறிஸ்து வாழ்கிறார்' என்ற மடல் இந்த விஷயத்தில் நிதானமாகப் பேசுகிறது. இணையம் ஆட்கள் சந்திக்கிற இடம் என்று ஒப்புக்கொள்கிறது. தனிமைக்கும் சூழ்ச்சிக்கும் சுரண்டலுக்கும் வன்முறைக்கும் அதுவே இடம் என்றும் சொல்கிறது.

அந்த வன்முறைக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். கண்டிக்குக் கிழக்கே திகனவில் 2018 மார்ச்சில் நடந்ததை இந்தப் பக்கத்துச் சனம் மறந்திருக்காது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அரசு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சில நாள் முடக்கியது. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக பேஸ்புக் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. ஒரு வெறுப்புச் செய்தியை அடுத்தவருக்குத் தள்ளுவதும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய பாவம்தான் என்று எத்தனை மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம்?

கேட்கிற காது

லண்டனில் 1953இல் சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கிய சாட் வாரா ஓர் அங்கிலிக்கன் குரு. அதற்குப் பல ஆண்டு முன், 1935இல், இளம் குருவாக அவர் அடக்கம் செய்தது பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை. அவள் பெரியவளானதை ஏதோ கெட்ட நோய் என்று எண்ணி, கேட்க ஆளின்றி, உயிரை விட்டிருந்தாள். நோயுமில்லை, குற்றமுமில்லை, வெட்கமும் தனிமையும்தான். பின்னாளில் அவர் ஆலோசனை சொல்ல உட்கார்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். அவரைப் பார்க்க வந்தவர்கள் வெளியறையில் காத்திருந்தார்கள். அங்கே தொண்டர்கள் தேநீர் கொடுத்து, பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பலர் அதிலேயே ஆறுதலடைந்து, குருவைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனார்கள். இலங்கையில் 1974இல் ஜோன் டி மெல் தொடங்கிய சுமித்ரயோ இந்த வழியில் வந்தது. எந்த மதத்தையும் அது பிரசங்கிப்பதில்லை. கேட்கிறது, அவ்வளவுதான்.

பட்டம் பெற்ற உளவளத்துணையாளர் தோட்டத்துக்கு ஒருவர் கிடைக்கப்போவதில்லை. மறையாசிரியர் இருக்கிறார், ஓய்வுநாள் பாடசாலை அக்கா இருக்கிறார், உபதேசியார் இருக்கிறார். இவர்களைக் கேட்கப் பழக்கலாம். இப்போது நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான்: "என்னம்மா, படிப்பெல்லாம் எப்படி?" "பரவாயில்லீங்க ஃபாதர்." "பூசைக்கு ஒழுங்கா வரணும்." "சரிங்க ஃபாதர்." முடிந்தது. நல்ல மனிதர்தான், அக்கறையும் உண்டு. ஆனால் அந்தப் பேச்சில் பிள்ளை நுழைய ஓர் இடைவெளி இல்லை.

பிள்ளைகள் வாய்திறக்காததற்கு இன்னொரு காரணம் உண்டு, அதைச் சபைகள் ஒப்புக்கொள்ளவேண்டும். போதகரிடம் சொன்னது போதகரின் மனைவிக்குத் தெரியும். மாதர் சங்கத்தில் அது ஜெப விண்ணப்பமாக வரும். திங்கட்கிழமை மலையில் கொழுந்தோடு சேர்ந்து பேச்சாகும். பாவசங்கீர்த்தனத்தின் இரகசியத்தை நேரடியாக உடைக்கும் குருவுக்குத் திருச்சபை விலக்கு என்று கத்தோலிக்கச் சட்டம் சொல்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தச் சட்டத்தின் இலக்கம் வேண்டாம். அவள் சொன்ன ஒரு சின்ன விஷயம் வெளியே வராமலிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். சின்னது நின்றால்தான் பெரியதைச் சொல்வாள்.

பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே சொன்ன இரகசியத்துக்கு எல்லையும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றாலோ, பிள்ளையை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்றாலோ, மேய்ப்பர் அதைத் தனியாகச் சுமக்கக்கூடாது. இதை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 ஆகிய இரண்டு இலக்கங்களும் கோயில் அறிவிப்புப் பலகையில் திருவிழாப் பட்டியலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சில ஜெபவீடுகளில் மனச்சோர்வை அசுத்த ஆவி என்று கட்டிப் போடுகிறார்கள். ஜெபிக்கிறவர் ஜெபிக்கட்டும், ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதை அது தடுத்தால் அந்த ஜெபத்துக்குப் பொறுப்புச் சொல்லவேண்டியவர் அவர்தான்.

மேய்ப்பர்களின் கையிலும் போன் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கொரோனாக் காலத்தில் தொடங்கிய பேஸ்புக் நேரலை இன்னும் நிற்கவில்லை. கூட்டத்தை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டே, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். முகாமில் கண்ணீரோடு ஜெபிக்கிற பிள்ளையின் முகத்தை, அவளைக் கேட்காமல், பக்கத்தில் போடுகிறார்கள். இரவு பதினொரு மணிக்குத் தனிச் செய்தியில் 'ஆலோசனை' சொல்கிற போதகரும் ஆபத்துத்தான், எவ்வளவு நல்லவரானாலும். வயது வந்தவர் பிள்ளையோடு தனியாக, இரவில், மறைவாகப் பேசக்கூடாது என்ற விதி வகுப்பறைக்கு எவ்வளவோ அவ்வளவு வட்ஸ்அப்புக்கும் பொருந்தும்.

உதவி கேட்டு வருகிற பிள்ளை இந்துவாகவும் இருக்கலாம். ஒரே லயத்தில் ஒரு காம்பராவில் மாதா படமும் அடுத்ததில் மாரியம்மன் படமும் இருக்கிற ஊர் இது. மாசிமகத்துக்கு முத்துமாரியம்மன் தேர் வரும்போது எல்லார் வீட்டுப் பிள்ளையும் தெருவில்தான் நிற்கும். உதவிக்குப் பின்னால் ஞானஸ்நானம் காத்திருக்கிறது என்ற வாடை அடித்தால் ஒரு பிள்ளையும் வாசல் மிதிக்காது. அதில் தவறு சொல்லவும் முடியாது.

கடைசியாக, நான்காவது சுமையோடு ஒரு பிள்ளை வந்து நிற்கிறாள் என்று வையுங்கள். வியாழன் இரவு, கோயில் மண்டபம், பாடற்குழுப் பயிற்சி முடிந்து மற்றப் பிள்ளைகள் போயாயிற்று, கதவு திறந்திருக்கிறது. படத்தைக் காட்டு என்று கேட்கக்கூடாது. ஏன் அனுப்பினாய் என்றும் கேட்கக்கூடாது. அந்தக் கேள்வியை அவள் தன்னிடமே ஆயிரம் தடவை கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள். மிரட்டுகிறவனுக்குக் காசு கொடுக்கவேண்டாம், கொடுத்தால் இன்னும் கேட்பான். அவன் அனுப்பிய செய்திகளை அழிக்கவேண்டாம், சாட்சிக்கு வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழென்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு, மேலென்றால் 'ஸ்டொப் என்.சி.ஐ.ஐ.' உண்டு. படத்தை யாருக்கும் அனுப்பாமலே, போனுக்குள்ளேயே அதற்கு ஓர் இலக்க அடையாளம் எடுத்து, பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் போன்ற தளங்கள் அதைத் தடுக்க இவை உதவுகின்றன. வட்ஸ்அப்பில் கைமாறுவதை இவற்றால் பிடிக்க முடியாது. பொலிஸில் சிறுவர் மற்றும் மகளிர் பணியகம் இருக்கிறது. அந்தரங்கத் தகவலை வெளியிட்டுத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று அந்தச் சட்டத்தின் மேல் கடும் எதிர்ப்பு உண்டு; எதிர்ப்பில் நியாயமும் உண்டு. ஆனாலும் இப்படிப்பட்ட பிள்ளைக்கு இன்று கையிலிருக்கிற சட்டங்களில் அதுவும் ஒன்று.

இவ்வளவும் செய்தபின் அவள் கேட்கப்போவது ஒன்றுதான்: "அப்பாவுக்கு யாரு சொல்றது?" அப்பா அடிப்பார், படிப்பை நிறுத்துவார், கொழும்பில் எந்த வீட்டிலோ வேலைக்கு அனுப்புவார். அவள் பயப்படுவது மிரட்டுகிறவனுக்கல்ல, இதற்குத்தான். இந்த இடத்தில் அவளுக்குச் சொல்ல ஒரு ஹொட்லைனும் இல்லை. பிள்ளை சம்மதித்தால், சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து அப்பா குளித்துச் சாப்பிட்டபின், அவர் மதிக்கிற ஒருவர் இஸ்தோப்பில் போய் உட்காரவேண்டும். உபதேசியாரோ, சிஸ்டரோ, தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு போகிற போதகரோ. முதலில் அடிக்கமாட்டேன் என்ற வாக்கை அவரிடம் வாங்கிக்கொண்டு, பிறகு விஷயத்தைச் சொல்லி, அவர் கத்தி முடிக்கும் வரை எழுந்து போகாமல் இருக்கவேண்டும். அடுத்த வாரமும் போகவேண்டும்.